தம்பி முதல் வருடம், தாம்பரம் தாண்டி ஹாஸ்டல். மூன்று வாரமாக ராத்திரி போன். என்ன செய்யலாம்?

கரிசல்_அக்கா

வணக்கம். இதுவரை படித்துவிட்டு மட்டும் போய்விடுவேன், எழுதியதில்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, மினி பஸ் மட்டும் வரும் ஊர். தம்பி அரசுப் பள்ளி, தமிழ் வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தாம்பரம் தாண்டி ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. ஃபீஸ், ஹாஸ்டல் இரண்டையும் அரசாங்கமே கட்டிவிடுகிறது. காசுக் கவலை பெரிதாக இல்லை.

சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் ராத்திரி பத்தரைக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று போன் பண்ணுகிறான். பேச்சு ஒன்றும் இருக்காது. "சாப்பிட்டியா?" என்றால் "ம்". "பாடம் புரியுதா?" என்றால் அதற்கும் "ம்". பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்கும், அது முடிகிறவரை இரண்டு பேரும் சும்மா இருப்போம். சோற்றில் சோடா உப்புப் போடுகிறார்களாம். வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். ஒரு நாள் ரூமில் யாரையோ "பைய வாங்க" (எங்கள் பக்கம் "பைய" என்றால் மெதுவாக) என்று சொல்லியிருக்கிறான், "பை எங்கடா?" என்று கேட்டு நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ரூமில் வாயே திறப்பதில்லை. மூன்று வாரமாகக் கல்லூரி கேட்டைத் தாண்டி வெளியே போனதில்லை.

அப்பா "பேசாம வரச் சொல்லு, இங்கயே பாலிடெக்னிக்ல சேத்துருவோம்" என்கிறார். அம்மா அழுகிறாள். எனக்கு அவனைக் கூப்பிட்டுக்கொள்ளவும் மனசில்லை, அங்கே அப்படியே விடவும் மனசில்லை. நானே சென்னைக்குப் போனதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேன்ஷன்_ரூம்_14

1991-ல் திருவல்லிக்கேணி மேன்ஷனில் பத்துக்குப் பத்து ரூமில் மூன்று பேர் இருந்தோம். வீட்டுக்கு மாதம் இரண்டு கடிதம். எஸ்டிடி பூத்தில் ராத்திரி கட்டணம் குறையும் வரை வரிசையில் நின்று இரண்டு நிமிடம் பேசுவோம். யாரும் செத்துப்போகவில்லை. தினமும் போன் இருப்பதுதான் பிரச்சினை. போனை எடுக்காதீர்கள், பத்து நாளில் சரியாகிவிடுவான்.

ரெண்டாம்_பெஞ்ச்

மேன்ஷன் சார், "யாரும் செத்துப்போகவில்லை" என்பதெல்லாம் ஒரு ஆலோசனையா?

அக்கா, நான் பட்டுக்கோட்டைப் பக்கம். ஏழு வருடத்துக்கு முன்னால் இதே நிலைமை. நான் முதல் மாதம் ஒரே ஒரு தடவை வெளியே போனேன், அதுவும் சொதப்பல். கிண்டியில் ஒரு வேலை. முடித்துவிட்டுத் தாம்பரம் திரும்ப 21ஜி ஏறினேன். நம்பர் சரி, ரோட்டின் பக்கம் தப்பு. 21ஜி அப்போது தாம்பரத்துக்கும் பிராட்வேக்கும் நடுவில் ஓடிய பஸ். ஜன்னல் வழியே கடற்கரை தெரிந்தபோதுதான் உறைத்தது. கேட்க வெட்கம், அப்படியே உட்கார்ந்து பிராட்வே வரை போய்விட்டேன். இருட்டிவிட்டது. கண்டக்டர் டிக்கெட் பையைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "எங்கப்பா போணும்?" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இப்படியே நேரா நடந்தா பீச் ஸ்டேஷன். எலக்ட்ரிக் டிரெயின் கடைசி வரை தாம்பரம் போவும், ஏறித் தூங்கு" என்றார். டிக்கெட் பத்து ரூபாய். அந்த லைனில் எங்கே ஏறினாலும் ஒரு பக்கம் பீச், இன்னொரு பக்கம் தாம்பரம், செங்கல்பட்டு என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. அதற்கப்புறம் சென்னை எனக்கு ஒரு நேர்க்கோடு மாதிரி ஆகிவிட்டது. எங்கே தொலைந்தாலும் அந்தக் கோட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும்.

தம்பிக்கு அந்தக் கோட்டை மட்டும் முதலில் சொல்லிக்கொடுங்கள். மெட்ரோ, பஸ் நம்பர் எல்லாம் அப்புறம்.

இன்னொன்று. "பைய" என்றால் புரிகிறவர்கள் அந்த ஹாஸ்டல் வாசலிலேயே இருப்பார்கள். சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிற அண்ணாச்சி கடைகளில் நிறையப் பேர் உங்கள் பக்கத்து ஆட்கள்தான். சோப்பு வாங்குகிற சாக்கில் போய் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

சாக்பீஸ்

நான் புறநகர்க் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டுக் கணக்கு எடுக்கிறேன், பதினாறு வருடமாக. ஹாஸ்டல் சாப்பாடு, கிண்டல் எல்லாம் இரண்டு மாதத்தில் பழகிவிடும். மொழி விஷயத்தை மட்டும் "பழகிவிடும்" என்று விடாதீர்கள்.

ஒரு பையன் கதை சொல்கிறேன். முதல் உள்தேர்வில் அணிகள் பற்றி ஒரு கேள்வி. கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, "ஹென்ஸ் ஃபைண்ட்" என்று நேர்மாறு அணியைக் கேட்டிருந்தோம். அவன் தேற்றத்தைச் சரியாகச் சரிபார்த்தான். அப்புறம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த சேர்ப்பு அணி முறையில் நேர்மாற்றைப் போட்டான். விடை மிகச் சரி. பாதி மதிப்பெண் போனது. "ஹென்ஸ்" என்றால் "மேலே வந்ததை வைத்துக்கொண்டு" என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. "பதில் சரியாத்தானே சார் இருக்கு" என்று பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கணக்கு வராது என்று அவனே முடிவு செய்து வைத்திருந்தான். எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது, இத்தனை வருடம் எத்தனை பேர் பேப்பரில் இதே காரணத்துக்காகச் சிவப்பு மையால் சுழித்திருப்பேன் என்று.

அதிலிருந்து முதல் வாரத்தில் கரும்பலகையில் ஒரு பத்துச் சொல் எழுதிப் போடுகிறேன்: ஸ்டேட், டிஃபைன், டிரைவ், டெட்யூஸ், வெரிஃபை, ஹென்ஸ், ஸ்கெட்ச், இவாலுவேட், இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் "தேர்வுத்தாளில் நீ என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு வரி. கேள்வியின் முதுகெலும்பு அந்த வினைச்சொல்தான்.

வீட்டிலிருந்தே ஒரு உதவி செய்யலாம். தமிழ்நாடு பாடநூல்கள் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாட வரிசை, ஒரே படங்கள். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே இறங்கும். பதினொன்று, பன்னிரண்டு கணக்கு, இயற்பியல் ஆங்கிலப் புத்தகத்தைப் போனில் இறக்கி, தான் படித்த தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முடுக்கம், நிலைமம், மின்தேக்கி எல்லாம் அவனுக்குத் தெரிந்த விஷயம்தான், பெயர் மட்டும்தான் புதிது. ஒரு நாளைக்கு நாலு பக்கம் போதும். புத்தகம் ஊரில் இருந்தால் கூரியரில் அனுப்புங்கள். தின்பண்டத்தை விட அது முக்கியம். (தின்பண்டமும் அனுப்புங்கள்.)

அப்பா சொல்கிற மாதிரி "கொஞ்ச நாள் ஊருக்கு வந்துட்டுப் போ" என்பதில் ஒரு சிக்கல். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். முதல் செமஸ்டரிலேயே இரண்டு வாரம் விட்டால் பாடமும் போகும், வருகைக் கணக்கும் உதைக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரி என்றால் தியரிக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. முதல் உள்தேர்வில் குறைந்தாலும் மீட்டுவிடலாம் என்பதை அவனிடம் இப்போதே சொல்லி வையுங்கள், மார்க் வந்த பிறகு சொன்னால் சமாதானம் மாதிரி இருக்கும்.

காட்பாடி_பாசஞ்சர்

பையன்களுக்குக் கேட்டைத் தாண்டவில்லை என்பது பிரச்சினை. எங்களுக்குக் கேட் ஆறரைக்கே மூடிவிடும் என்பது பிரச்சினை. வேறு இழை தொடங்கச் சொல்வீர்கள், ஆனாலும் எழுதிவிடுகிறேன், தங்கையை அனுப்பப் போகிறவர்கள் யாராவது படிப்பார்கள்.

நான் வெளியே ஒரு பிஜியில் இருந்தேன். ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம், அதில் தாழ்ப்பாள் ஆடும். உப்புத் தண்ணீரில் தலைமுடி கொத்துக் கொத்தாகப் போனது. காலி செய்தபோது அட்வான்ஸில் "பெயின்ட் அடிக்கணும்" என்று பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். ரசீது கேட்காமல் கொடுத்தது என் தப்பு. பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014-லேயே சட்டம் இருக்கிறது. அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அட்வான்ஸ் கொடுத்தால் ஒரு துண்டுக் காகிதத்திலாவது கையெழுத்து வாங்குங்கள்.

நல்ல விஷயமும் சொல்ல வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் பத்து ரூபாய் இல்லாத நாளிலும் நான் நூலகம் போனேன். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் உண்டு. மின்விசிறி சத்தம்கூட இருக்காது. ஒருத்தர் உங்களை "எந்த ஊர்?" என்று கேட்கமாட்டார். எனக்கு அந்த முதல் வருடம் அதுதான் தேவையாக இருந்தது.

நைட்_டூட்டி

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. தம்பி சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, குளிக்கிறானா, வகுப்புக்குப் போகிறானா? "ம்" என்று அவன் சொல்வதை வைத்துச் சொல்லாதீர்கள். ரூம் பையன் ஒருத்தன் நம்பர் வாங்கி அவனிடம் கேளுங்கள்.

நாலும் ஓரளவு நடந்தால் அது வீட்டு ஏக்கம். வரும், குறையும். நாலில் இரண்டு, மூன்று நின்றுபோய் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தாம்பரம் தாண்டி என்றால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் வாரக்கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே வார்டனை எழுப்புங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசுவார்கள். சென்னையில் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஸ்நேகா 044-24640050. மனநலம் என்றாலே "கீழ்ப்பாக்கமா?" என்று சிரிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனாலேயே பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

அந்தப் "பை எங்கடா" கிண்டல் ஒரு நாளோடு நின்றதா, தினமும் நடக்கிறதா என்றும் கேளுங்கள். தினமும் என்றால் அதற்குப் பெயர் வேறு. ராகிங் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லிருந்து இருக்கிறது. புகாருக்கு 1800-180-5522.

மேன்ஷன் சார் சொன்ன மாதிரி போனை எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கரிசல்_அக்கா

எல்லாருக்கும் நன்றி. ரூம் பையன் நம்பர் வாங்கிவிட்டேன், அரியலூர்ப் பையன். நல்லபடியாகப் பேசினான். "சாப்பிடுறான்க்கா, கொஞ்சமா. கிளாஸ் வர்றான். ராத்திரி மட்டும் மாடிக்குப் போயிடுறான், நாங்க கேக்குறதில்ல" என்றான். கிண்டல் அந்த ஒரு நாள்தானாம். சிரித்தவர்களில் தானும் ஒருத்தன் என்று அவனே சொன்னான்.

தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டு புத்தகமும் வைத்துப் படிக்கச் சொன்னேன். "சரி" என்றான். "ம்" இல்லை, "சரி". அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்ட்ரல். அங்கிருந்து ஹாஸ்டலுக்கு எப்படிப் போவது?

மேன்ஷன்_ரூம்_14

போகாதீர்கள்.

திட்டுவதற்கு முன்னால் முழுதாகப் படியுங்கள். சென்னைக்குப் போங்கள், ஹாஸ்டலுக்குப் போகாதீர்கள். "எனக்கு வழி தெரியாது, நீ வந்து என்னைச் சென்ட்ரலில் கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, உங்களுக்கு நிஜமாகவே தெரியாது.

1991-ல் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. முதல் மாதம் நானும் ரூமுக்கும் கல்லூரிக்கும் தவிர எங்கேயும் போகவில்லை. எழும்பூரில் வந்து இறங்குகிறேன் என்று அப்பாவிடமிருந்து கார்டு வந்தது. அரைமூட்டை அரிசியோடு. அவரை நிற்க வைக்க முடியாதே என்று முதல் நாள் சாயந்தரமே எழும்பூருக்கு நடந்து போய் வழி பார்த்துவிட்டு வந்தேன். எந்த பிளாட்பாரம், வெளியே எந்தப் பக்கம் பஸ், எல்லாம். மறுநாள் அவர் முன்னால் இருபது வருடம் மெட்ராஸில் இருந்தவன் மாதிரி நடந்தேன். ரோடு கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்னால் அவர் கையை நான்தான் பிடித்திருக்கிறேன்.

போனை எடுக்காதீர்கள் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

சாக்பீஸ்

யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. வழி தப்பி, அவமானப்பட்டு, இன்னும் சுருங்கிவிட்டால்?

நைட்_டூட்டி

சாப்பிட்டுத் தூங்கி வகுப்புக்குப் போகிற பையன் என்றால் செய்யலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. தனியாக வர வேண்டாம், அந்த அரியலூர்ப் பையனையும் கூட்டிக்கொண்டு வரட்டும். அக்கா, நீங்களும் ஸ்டேஷனை விட்டு வெளியே போகாமல் உள்ளேயே உட்காருங்கள்.

கவுண்டர்_நாலு

இடையில் ஒரு விஷயம், வங்கியில் வேலை பார்க்கிறேன். அரசுப் பள்ளியில் படித்து வந்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கணக்கில் வரும் (2024 ஆகஸ்டில் தொடங்கியது. பெண்களுக்குப் புதுமைப் பெண், அது 2022-லிருந்து). வரவில்லை என்றால் கல்லூரி ஆபீஸில் கேட்கச் சொல்லுங்கள், அதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார்.

இதை எழுத வந்த காரணம் அது இல்லை. முதலாமாண்டுப் பையன்களிடம் "உன் அக்கவுன்ட்டையும் ஏடிஎம் கார்டையும் ஒரு மாதம் கொடு, ஐயாயிரம் தர்றேன்" என்று சீனியர் மாதிரி பேசி வாங்குகிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். கணக்கு முடங்கும், போலீஸ் தேடி வருவது கணக்குக்காரனைத்தான். என் கவுண்டரில் ஒரு பையன் இதே மாதிரி வந்து நின்றான். அவனுக்குக் கிடைத்தது இரண்டாயிரம்தான், மீதி மூவாயிரம் வரவே இல்லை என்று அதற்கும் சேர்த்து அழுதான். வெளியூர்ப் பையன், சீனியரைப் பகைத்துக்கொள்ளப் பயம். தம்பியிடம் ஒரு தடவை சொல்லி வையுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் சைபர் குற்றப் புகார் எண் 1930.

முடிச்சூர்_முழங்கால்_தண்ணி

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், தாம்பரம் பக்கம் என்பதால். ஐப்பசி, கார்த்திகை வரட்டும், சென்னை வேறு ஊர் மாதிரி ஆகிவிடும். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் முதல் மாடி வரைக்கும் படகு வந்தது. ஹாஸ்டலில் இருக்கிறவரை பயமில்லை. அடுத்த வருடம் நண்பர்களோடு வெளியே ரூம் எடுக்கிறேன் என்பான். வாடகை குறைவு என்று கீழ்த்தளம் எடுக்கவே கூடாது. வீட்டுக்காரரைக் கேட்டால் "இங்கெல்லாம் தண்ணி வராது" என்பார். எதிர்ப் பெட்டிக்கடையில் கேட்டால் சுவரில் கோடு காட்டுவார்கள்.

கரிசல்_அக்கா

போய்விட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை சென்ட்ரலில் இறங்கி, சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். ஆறரைக்கு வருகிறேன் என்றவன் ஏழு மணிக்கும் இல்லை. என்னைச் சுற்றி ஆயிரம் பேர் ஓடுகிறார்கள். என் பையைக் காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் போட்டேன்.

"அக்கா, பீச்சுல இருக்கேன்" என்றான்.

"காலங்காத்தால பீச்சுல என்னல சோலி?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். சென்ட்ரல் எதிரே இறங்க வேண்டிய ஸ்டேஷன் போர்டில் "பூங்கா" என்று இருந்திருக்கிறது. இவன் "சென்ட்ரல்" என்று ஒரு ஸ்டேஷன் வரும் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். கோட்டை போய், கடைசியில் பீச் ஸ்டேஷன் வந்து, எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அரியலூர்ப் பையன் வரவில்லை, முதல் நாளிலிருந்தே காய்ச்சலாம். எனக்குச் சொன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று இவன் சொல்லவில்லை. தனியாகத்தான் வந்திருக்கிறான்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "நீ அங்கேயே இரு, நான் எப்படியாவது வாரேன்" என்றேன். அதற்கு அவன், "நீ எங்கயும் நகராத. நகந்தின்னா ரெண்டு பேரும் தொலைஞ்சிருவோம். ரெண்டே ஸ்டேஷன்தான், நான் வாரேன்" என்றான். மூன்று வாரத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஏழரைக்கு வந்தான். மெலிந்துதான் இருக்கிறான். வந்ததும் என் பையை வாங்கித் தோளில் போட்டான். "ஏழு மணில இருந்து சாப்டாம இருக்கியா?" என்று என்னைக் கேட்கிறான்! ஒரு போலீஸ்காரரிடம் போய்ப் பேசினான், பெரியாஸ்பத்திரிப் பக்கம் அம்மா உணவகம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தான். இட்லி ஒரு ரூபாய். ஏழு சாப்பிட்டான், நான் எண்ணினேன். சாம்பார் எங்கள் வீட்டுச் சாம்பார் மாதிரி இல்லை, ஆனால் ஹாஸ்டலுக்கு இது தேவலாம் என்றான்.

அப்புறம் பறக்கும் ரயிலில் மெரினா போனோம். டிக்கெட் எடுக்கும்போது "இது நிஜ பீச்சு" என்று சொல்லிச் சிரித்தான். கடல் எங்களுக்குப் புதுசு இல்லை, திருச்செந்தூரில் பார்த்ததுதான். வெயில் ஏறுகிற வரை மணலில் உட்கார்ந்திருந்தோம். அங்கே வைத்துத்தான் சொன்னான், முதல் இன்டர்னல் நடந்துவிட்டதாம், எங்களிடம் மறைத்திருக்கிறான். இரண்டு பேப்பர் ஃபெயில். கணக்கில் மட்டும் பாஸ். சாக்பீஸ் சார், நீங்கள் எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினேன். "ஹென்ஸ்" கதை வந்ததும் போனைப் பிடுங்கி அவனே மறுபடி படித்தான். "எனக்கும் அதே கேள்விதான்க்கா. அதே மாதிரிதான் போட்டேன்" என்றான். பேப்பரை எடுத்துக்கொண்டு கணக்கு சாரிடம் போகச் சொல்லியிருக்கிறேன். போவானா தெரியாது.

சாயந்தரம் ஹாஸ்டல் வரை போனேன். வழியில் அண்ணாச்சி கடை. நான் சோப்பு கேட்டதுமே அவர் நிமிர்ந்து பார்த்து "எந்த ஊரும்மா?" என்றார். அவர் விளாத்திகுளம். தம்பியைக் காட்டி, "இவன் மூணு வாரமா பக்கத்து கேட்டுல இருக்கான்" என்றேன். "இங்கன ஒரு நாளும் வரலையே" என்று அவனைப் பார்த்துக் கேட்டார். அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பச் சென்ட்ரலுக்கு நான் தனியாகத்தான் வந்தேன். ரயிலில் "பூங்கா" வருகிறதா என்று ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டே.

ரெண்டாம்_பெஞ்ச்

அக்கா, பஸ்ஸில் ஆபீஸ் போய்க்கொண்டே படித்தேன். ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன்.

மேன்ஷன்_ரூம்_14

ஏழு இட்லி நல்ல கணக்கு.

சாக்பீஸ்

பேப்பரை எடுத்துக்கொண்டு போகும்போது "மார்க் போடுங்க" என்று கேட்க வேண்டாம், "இந்தச் சொல்லுக்கு அர்த்தம் இப்போதான் தெரிஞ்சுது சார்" என்று சொல்லச் சொல்லுங்கள். மார்க் வராது. அந்த வாத்தியார் அவன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வார்.

கரிசல்_அக்கா

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கணக்கு சாரைப் பார்த்தானாம். என்ன பேசினான் என்று சொல்லவில்லை. போன் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள். ராத்திரி ரயில் சத்தம் கேட்பதில்லை, ரூமிலிருந்தே பேசுகிறான், பின்னால் பையன்கள் கத்துகிறார்கள். நேற்று மட்டும் மறுபடி மாடிக்குப் போய்விட்டான், ஏதோ சரியில்லை போல. கேட்கவில்லை, ரயில் போகிற வரை சும்மா இருந்தேன். அப்பா பாலிடெக்னிக் பேச்சை இன்னும் விடவில்லை.

இப்போது ஒரே ஒரு உதவி. தீபாவளிக்கு ஊருக்கு வர வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட் எங்கேயோ போய் நிற்கிறது.

ரெண்டாம்_பெஞ்ச்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், திறந்த சில நிமிடத்தில் தீபாவளி டிக்கெட் முடிந்துவிடும். பொங்கலுக்காவது இப்போதே நாளை எண்ணிக் குறித்து வையுங்கள். தீபாவளிக்கு இனி பஸ்தான். தெற்கே போகிற அரசு பஸ் எல்லாம் இப்போது கோயம்பேட்டில் இல்லை, கிளாம்பாக்கம். அவனுக்குப் பக்கம். சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். ஆம்னி பஸ் பக்கம் போகாதீர்கள், பண்டிகை நேரத்தில் என்ன விலை சொல்வார்கள் என்று கணக்கே இல்லை.

கரிசல்_அக்கா

அவனிடம் சொன்னேன். அவன் வேறு திட்டம் போட்டு வைத்திருக்கிறான். சாத்தூர்ப் பையன்கள் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்களாம், மூன்று பேரும் ரயிலிலேயே அன்ரிசர்வ்டு பெட்டியில் வருகிறார்களாம். அம்மாவுக்கு இப்போதே பயம் பிடித்துவிட்டது.

மேன்ஷன்_ரூம்_14

தீபாவளிக்கு முந்தின நாள் அன்ரிசர்வ்டு என்றால் மதியமே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். வண்டி நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கத் தெரியுமா உங்கள் தம்பிக்கு?

கரிசல்_அக்கா

எங்கள் ஊர் மினி பஸ்ஸில் பத்து வருடம் பள்ளிக்கூடம் போனவன். அது ஒன்று மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.